சோதித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பாதீர்கள், கூலரை மாற்றிக் கொடுங்கள்

வாகன நிறுவனத்தின் ரீகால் பிரிவுத் தலைவர் அவர்களுக்கும், அந்த ரீகாலை மேற்பார்வையிடும் ஒழுங்குமுறை அதிகாரி அவர்களுக்கும்,

வணக்கம்.

டீசல் வண்டிகளின் இஜிஆர் கூலர் (இன்ஜினுக்கே திருப்பி விடும் புகையைக் கூலன்ட்டால் குளிர்விக்கும் பாகம்) ரீகால், அதாவது குறையுள்ள வண்டிகளை நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்யும் வேலை, எப்படித் தொடங்கியது என்பது உங்கள் இருவருக்கும் தெரியும். உரிமையாளர்களுக்கு வந்த முதல் கடிதத்தில் "கூலர் இலவசமாக மாற்றித் தரப்படும்" என்று இருந்தது. மாற்றும் வரை வண்டியைக் கட்டடத்தை ஒட்டி நிறுத்த வேண்டாம், தீப்பிடிக்க வாய்ப்புண்டு என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருந்தது. சர்வீஸ் சென்டர்களுக்கு இப்போது வந்திருக்கும் சுற்றறிக்கையோ "சோதிக்கவும், கசிவு இருந்தால் மட்டும் மாற்றவும்" என்கிறது. இந்த ஒரு வரி மாற்றம்தான் இந்த மடலை எழுத வைத்தது.

அந்தச் சோதனையை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் குளிர்ந்த நிலையில் கூலன்ட் டேங்க் மூடியைக் கழற்றி, பிரஷர் டெஸ்டரை மாட்டி, 1 பார் அழுத்தம் ஏற்றி, 15 நிமிடம் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கவில்லையென்றால் கூலர் நல்லது என்று ஜாப் கார்டில் எழுதிவிடலாம். ஆனால் கூலருக்குள் விழும் விரிசல் முடியைவிட மெல்லியது. உலோகம் குளிர்ந்திருக்கும்போது அது இறுகி மூடிக்கொள்ளும். போதாததற்கு, காய்ந்த கூலன்ட்டும் கரியும் சேர்ந்து அந்த விரிசலின் மேல் பொருக்காகப் படிந்து அடைத்திருக்கும். 15 நிமிடத்தில் நாலைந்து சொட்டு இறங்கினாலும் முள் அசையாது, ரப்பர் ஹோஸ்களின் நெகிழ்வே அதை விழுங்கிவிடும். ஸ்கேனரில் பழுதுக் குறியீடு இல்லை என்பதும் சாட்சி ஆகாது. இஜிஆர் ஓட்டம் போதவில்லை என்னும் பி0401 குறியீடு வருவது கூலரோ வால்வோ கரியால் அடைபட்டு, வாயு ஓட்டம் குறைந்த பிறகுதான். கசியத் தொடங்கும் நாளில் இன்ஜின் கன்ட்ரோல் யூனிட்டுக்கு எதுவும் தெரியாது.

உண்மையாகவே சோதிக்க வேண்டுமென்றால் வண்டியை ஓட்டி முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, நிறுத்தி, மூடியைப் பாதுகாப்பாகத் திறக்கும் அளவுக்குச் சூடு தணிந்ததும் டெஸ்டரை மாட்டி, அழுத்தத்தோடு ராத்திரி முழுவதும் விட வேண்டும். காலையில் இஜிஆர் வால்வைக் கழற்றி, போரோஸ்கோப் என்னும் குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் கரி உலர்ந்து, விரலில் மாவுபோல ஒட்டினால் கூலர் இன்னும் பிழைத்திருக்கிறது. தார்போல மினுங்கினாலோ, ஓரங்களில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தாலோ கூலன்ட் இறங்கியிருக்கிறது. அதிலும் சந்தேகம் இருந்தால் கூலரைக் கழற்றி, நீர்ப்பாதையின் ஒரு வாயை அடைத்து மறு வாயில் காற்றழுத்தம் கொடுத்து, வெந்நீரில் மூழ்கவைத்துக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். ஆனால் கூலரைக் கழற்றி வெளியே எடுத்த பிறகு பழையதையே திருப்பி மாட்ட என்ன நியாயம் இருக்கிறது? ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ரீகாலில் வரும் ஒவ்வொரு வண்டிக்கும் கூலரை மாற்றிக் கொடுங்கள்.

இந்தச் சோதனையால் உரிமையாளருக்கு வரும் மிகப் பெரிய துன்பம் பட்டறையில் தெரிவதில்லை, கம்ப்யூட்டரில் இருக்கிறது. "கசிவு இல்லை" என்று எழுதியதும் அந்தச் சேசிஸ் நம்பரின் மேல் ரீகால் முடிந்துவிட்டது என்று பதிவாகிறது. மூன்று மாதம் கழித்து அதே கூலர் வெளிப்படையாகக் கசிந்து வண்டி வந்தால், நம்பரை அடித்துப் பார்க்கும் சர்வீஸ் அட்வைசருக்குத் திரையில் தெரிவது "நிலுவையில் ரீகால் இல்லை" என்பதுதான். வாரன்டி காலமும் தாண்டியிருந்தால் கூலர், கேஸ்கட், கூலன்ட், கூலி அத்தனையும் உரிமையாளர் தலையில். பழுது என்று நீங்களே ஒப்புக்கொண்டு கடிதம் அனுப்பிய பாகம் அது. அதே பாகம், அதே வண்டி, அதே ஆள். நடுவில் மாறியது ஒரு டிக் அடையாளம் மட்டுமே. தீப்பிடிக்கலாம், தள்ளி நிறுத்துங்கள் என்று எச்சரித்துவிட்டு, 15 நிமிடச் சோதனையை நம்பி அந்த வண்டியைத் திரும்ப வீட்டுச் சுவரோரம் நிறுத்தச் சொல்லும் துணிவு எங்கிருந்து வருகிறது என்று மரியாதையோடுதான் கேட்கிறோம்.

விரிசல் ஏன் விழுகிறது என்பதை உங்கள் பொறியாளர்கள் எங்களைவிட நன்றாக அறிவார்கள். கடும் சுமையில் கூலருக்குள் நுழையும் புகை 600 டிகிரியைத் தொடும். ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டின் மறுபக்கத்தில் ஓடும் கூலன்ட் 90 டிகிரியை ஒட்டி இருக்கும். வண்டியைக் கிளப்பி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அந்தத் தகடு விரிந்து சுருங்குகிறது. சூடான புகை நுழையும் வாயில், பற்றவைத்த இணைப்பில்தான் முதல் விரிசல் விழும். கூலன்ட் ஓட்டம் குறைந்து உள்ளே ஓரிடத்தில் கொதித்துவிட்டால் இன்னும் சீக்கிரம் விழும். இன்றைக்குக் கசியாத கூலரும் அதே தகடு, அதே வடிவம், அதே இணைப்புதான். அதற்கு இன்னும் நாள் வரவில்லை, அவ்வளவே.

இன்னொரு தவறும் ஓயாமல் நடக்கிறது. இன்ஜின் ஓடும்போது கூலரின் புகைப் பக்க அழுத்தம் சில நேரம் கூலன்ட் அழுத்தத்தைவிட அதிகமாகும். அப்போது புகை கூலன்ட்டுக்குள் புகுந்து, டேங்க்கில் குமிழி விடும், மேல் ஹோஸ் கல்லாக இறுகும். இன்ஜினை நிறுத்தியதும் நிலைமை தலைகீழாகி, கூலன்ட் புகைப் பாதைக்குள் இறங்கும். காலையில் கிளப்பினால் தித்திப்பு வாசனையோடு வெள்ளைப் புகை. குமிழியையும் வெள்ளைப் புகையையும் பார்த்த பல பட்டறைகள் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் தலைக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று இன்ஜின் தலையைக் கழற்றிவிடுகின்றன. டேங்க் வாயில் வைக்கும் நீல மருந்து மஞ்சளாக மாறுவதையும் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்த மருந்து கார்பன் டை ஆக்சைடைத்தான் காட்டும், அது எந்த வழியாக வந்தது என்று சொல்லாது. தலையைக் கழற்றும் முன் கூலரை பைபாஸ் செய்து, ஹோஸை நேராக இணைத்து ஓட்டிப் பார்த்தாலே உண்மை விளங்கிவிடும். கூலர் பழுதுக்காக ஹெட் கேஸ்கட் மாற்றிச் செலவழித்தவர்களுக்கும் அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு.

கூலரோடு விஷயம் முடிவதும் இல்லை. இறங்கிய கூலன்ட் கரியோடு குழைந்து இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டில் பசையாக ஒட்டுகிறது. மேனிஃபோல்ட் பிளாஸ்டிக்கில் செய்தது. சூடான புகை பட்டு அந்தப் பசை கனன்றால் பிளாஸ்டிக் உருகி ஓட்டை விழும், அங்கிருந்துதான் தீ. 2018ல் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்து எரிந்தபோது கண்டுபிடித்த காரணமும் இஜிஆர் கூலர்தான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். பரிசோதனைக்கு வராத கார்களைச் சாலையில் ஓட்டவே அரசு தடை போட்டது. குறையை மறைத்தார்கள், ரீகாலைத் தாமதித்தார்கள் என்று அந்த ஆண்டு டிசம்பரில் 1,120 கோடி வோன் அபராதமும் விதித்தது. கூலர் கசிவு என்ன செய்யும் என்று தெரியாது என இனி எந்த நிறுவனமும் சொல்ல முடியாது.

எரியாத வண்டியிலும் சேதம் உண்டு. கூலன்ட்டில் கலந்திருக்கும் சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் எரிந்து போகாது, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட்டின் மேல் படிந்து அதை மழுங்கடிக்கும். கேட்டலிஸ்ட் மழுங்கினால் டிபிஎஃப் என்னும் புகை வடிகட்டியில் சேரும் கரியை எரிக்கத் தேவைப்படும் 600 டிகிரி கிடைக்காது. அந்தக் கரியை எரிக்கும் ரீஜெனரேஷன் பாதியில் நிற்கும், திரும்பத் திரும்பத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் கூடுதலாகப் பீய்ச்சும் டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அடைப்பு முற்றியதும் டிபிஎஃப்பில் கரி மிகுந்துவிட்டது என்னும் பி2463 குறியீடு வரும், வண்டி இழுக்காது. அதனால்தான் கூலரை மாற்றும் அதே வருகையில் மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள், டிபிஎஃப்பின் இருபக்க அழுத்த வித்தியாசத்தை அளந்து ஜாப் கார்டில் எழுதுங்கள், கெட்டிருந்தால் அதையும் ரீகால் கணக்கிலேயே மாற்றுங்கள் என்கிறோம். டிபிஎஃப்பை மாற்றாமல் ஸ்கேனரில் சாம்பல் கணக்கை மட்டும் பூஜ்யமாக்கி அனுப்பும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

கூலரைக் காப்பாற்ற சாஃப்ட்வேர் அப்டேட் கொடுத்து இஜிஆர் ஓட்டத்தைக் குறைக்கும் யோசனையும் காதில் விழுகிறது. புகையைத் திருப்பி விடுவதே எரிசூட்டைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுப்படுத்தத்தான். ஓட்டத்தைக் குறைத்தால் கூலர் தப்பிக்கும், காற்று கெடும். மாசுக் கட்டுப்பாட்டுப் பாகத்துக்கான ரீகால் மாசைக் கூட்டுவதில் முடியலாமா? இழுத்தடிப்பதன் இன்னொரு விளைவையும் ஒழுங்குமுறை அதிகாரி கவனிக்க வேண்டும். மாதக்கணக்கில் காத்து அலுத்தவர்கள் வெளிப் பட்டறையில் இஜிஆர் குழாயை ஒரு தகடு வைத்து அடைத்துவிடுகிறார்கள். அது தவறு, நாங்களும் செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறோம். ஆனால் அந்தத் தகட்டைத் தேடிப் போகவைத்தது யார்? 2018ல் அமெரிக்காவில் கம்மின்ஸ் நிறுவனம் லாரிகளில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்சிஆர் கேட்டலிஸ்ட் சீக்கிரம் தேய்கிறது என்று தெரிந்து சுமார் 5 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தது. அந்தக் குறையை வெளிக்கொண்டு வந்தது கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் நடத்திய சோதனை. கண்காணிப்பவர் தானே அளந்து பார்த்தால் பலன் உண்டு என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

மாற்றும் வேலையிலும் அவசரம் கூடாது. ஒருமுறை நசுங்கிய உலோக கேஸ்கட்டையும் பழைய கிளாம்பையும் திரும்ப மாட்டக் கூடாது. எல்லா போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றி, கூலர் தானாக உட்கார்ந்த பிறகு டார்க் ரெஞ்சால் வரிசைப்படி முறுக்க வேண்டும். பிராக்கெட்டை முதலில் இறுக்கிவிட்டு ஃபிளேஞ்சை இழுத்துப் பிடித்தால் புதுக் கூலரும் அந்த இழுவையிலேயே விரிசல் விடும். கூலன்ட்டை வாக்யூம் ஃபில்லரால் நிரப்ப வேண்டும். வெறுமனே ஊற்றினால் கூலரின் மேல்பகுதியில் காற்று நின்று, முதல் ஏற்றத்திலேயே தகடு வெந்துவிடும். பிறகு ஸ்கேனரில் இஜிஆர் வால்வின் பழைய பதிவை அழித்துப் புதிதாகக் கற்கவைத்து, மறுநாள் இன்ஜின் குளிர்ந்ததும் கூலன்ட் மட்டத்தை மீண்டும் பார்க்க வேண்டும். மாட்டிய கூலர் திருத்திய வடிவம்தானா என்று உரிமையாளருக்குத் தெரியும்படி அதன் பார்ட் நம்பரையும் தயாரிப்புத் தேதியையும் பில்லில் அச்சிடுங்கள். பழைய வடிவத்தையே புதுப் பெட்டியில் போட்டு மாட்டினால் இந்த மடலை மறுபடியும் எழுத வேண்டி வரும்.

பாகம் போதிய அளவு கைவசம் இல்லை என்பதும் சுற்றறிக்கை மாறியதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இருந்தால் அதைத் திறந்து சொல்லுங்கள். கூலன்ட் குறையும் வண்டி, அதிகம் ஓடிய வண்டி, தினமும் சுமை இழுக்கும் வண்டி என்று முன்னுரிமை போட்டு வரிசையாக மாற்றுங்கள், மக்கள் காத்திருப்பார்கள். காத்திருப்பவருக்கு மாற்று வண்டி கொடுங்கள். ஆனால் பாகம் இல்லாததை மறைக்க, பழுதான பாகத்துக்கு நல்லது என்று சான்று எழுதாதீர்கள்.

தலைவர் அவர்களே, சுற்றறிக்கையில் "கசிவு இருந்தால் மட்டும்" என்ற சொற்களை நீக்கி மறு சுற்றறிக்கை அனுப்புமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். அதிகாரி அவர்களே, சோதனையோடு திருப்பி அனுப்பிய எல்லாச் சேசிஸ் நம்பர்களிலும் ரீகாலை மீண்டும் திறக்க உத்தரவிடுங்கள். கூலர் மாறிய பிறகு மட்டுமே அந்த நம்பர் மூடப்பட வேண்டும்.

இப்படிக்கு,
டீசல் வண்டி மெக்கானிக்குகளும் உரிமையாளர்களும்