சிவப்பு ஓட்டத்தில் உட்கார்ந்துவிடுகிற நண்பனுக்கு

ஹப்புத்தளை

அன்பின் ரவி,

நலம், நலமறிய ஆவல். இங்கே மத்தியானம் ஆனால் மழை, அதற்குப் பின்னால் மூடுபனி. லிப்டன் சீட் மலையுச்சியிலிருந்து டம்பேதென்னைத் தேயிலைத் தோட்டத்துக்கு இறங்கும் ரோட்டில் பாசி வழுக்குகிறது. அப்படியும் பொடியன்கள் சைக்கிளை விடுவதாயில்லை.

ஸ்னோபோர்டில், அந்தப் பனிச்சறுக்குப் பலகையில், சுலபமான நீல ஓட்டத்தில் ஒழுங்காக இறங்குகிற நீ, அதைவிடச் செங்குத்தான சிவப்புக்குப் போனதும் கால்விரல் பக்கம் திரும்பப் பயந்து பனியிலேயே உட்கார்ந்துவிடுவதாக எழுதியிருந்தாய். அதற்காக உன்னையே கோழை என்று திட்டிக்கொள்ளாதே மச்சான். பயம் வந்தால் உடம்பு மேட்டுப் பக்கம் சாயும், எல்லாருக்கும் அப்படித்தான். பலகையின் குதிகால் பக்க விளிம்பிலிருந்து கால்விரல் பக்க விளிம்புக்கு மாறும்போது, நடுவில் பலகை நேரே பள்ளத்தைப் பார்க்கும். அந்த நேரம் பாரம் முன்காலில் இருந்தால் பலகை சொன்னபடி திரும்பும். பின்காலில் சாய்ந்தாயானால் முன்பக்கம் பனியைப் பிடிக்காது, வேகம்தான் கூடும். பதறிப்போய்ப் பின்காலால் பலகையை உதைத்துத் திருப்புவாய். பள்ளத்துப் பக்க விளிம்பு பனியில் மாட்டும், ஆளைத் தூக்கி அடிக்கும். இங்கே சரளைக்கல் வளைவில் பின்னால் சாய்கிற பொடியனுக்கும் முன்சில்லு இப்படித்தான் பாரமில்லாமல் வழுக்குகிறது.

அதனால் பயத்தோடு மல்லுக்கட்டாமல் சரிவைக் குறை. பழகிய நீல ஓட்டத்துக்கே போ. தோள்களைச் சரிவுக்கு ஒத்தபடி சாய்த்து, முன் முழங்காலை மடக்கு. கண் பலகையில் வேண்டாம், போய்ச் சேரவேண்டிய இடத்தில் இருக்கட்டும். தொடர்ந்து மூன்று தடவை சுத்தமாகத் திரும்பிய பிறகு ஒன்றை மட்டும் கூட்டு: சரிவையோ வேகத்தையோ. தட்டுத்தடுமாறித் தப்பியதைக் கணக்கில் சேர்க்காதே. சிவப்பு ஓட்டம் முழுவதையும் குதிகால் பக்க விளிம்பில் பக்கவாட்டாகச் சறுக்கியே இறங்க முடியுமா என்றும் முதலில் பார். முடியுமென்றால், எந்த இடத்திலும் நின்று இறங்க உனக்கு வழி இருக்கிறது. அது தெரிந்தாலே பாதிப் பயம் அடங்கும்.

இன்னொன்று. பயம் எவ்வளவு என்பதும் ஆபத்து எவ்வளவு என்பதும் வேறு வேறு கணக்கு. மெத்தென்ற பனியில் அகலமான செங்குத்துச் சரிவு வயிற்றைக் கலக்கும். விழுந்தாலோ உருண்டு எழும்பலாம். பின்னேரம் இறுகிப்போன தட்டையான பாதையில் பயமே வராது, விளிம்பு மாட்டினால் மணிக்கட்டு போய்விடும். நம்ம தோட்ட ரோட்டிலும் செங்குத்தான இடத்தைவிட, ஓரத்தில் வடிகானும் எதிரே லொறியும் வருகிற லேசான வளைவில்தான் எனக்குக் கவலை. ஆகவே ஏறுமுன் கேட்க வேண்டியது, இங்கே விழுந்தால் எதில் போய் மோதுவேன் என்பதைத்தான்.

ஹெல்மெட்டோடு மணிக்கட்டுக் காப்பும் போடு. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதிகம் உடைவது மணிக்கட்டுத்தான். முன்னால் விழுந்தால் உள்ளங்கையை ஊன்றாமல், விரலை மடக்கி முன்னங்கை முழுவதும் படும்படி விழு. கால் நடுங்கத் தொடங்கிவிட்டால் லிஃப்டில் மறுபடி ஏறாதே.

பலகை வாடகைக்கு எடுத்ததா? சப்பாத்தைப் பலகையோடு பிடிக்கிற பைண்டிங் எங்கே பூட்டியிருக்கிறது என்று பார்த்து எழுது. ஆழமான பனிக்கென்று பின்தள்ளிப் பூட்டியிருந்தால், நீ என்ன செய்தாலும் முன்காலுக்குப் பாரம் கொண்டுவரக் கஷ்டம். கடையில் சொல்லி நடுவுக்கு மாற்றிவிட்டு, பிறகு சிவப்பைப் பற்றி யோசி.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்