குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தெருவிளக்கு, வடிகால் வேலைகளின் விவரம் இணைப்பில் இருக்கிறது. "கமிட்டியில் இருப்பவர்களுக்கு அப்படி என்ன தெரியும்?" என்று போன பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். தேர்தல் நெருங்குவதால் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

பொருளாளர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வவுச்சர் இல்லாமல் காசு நகராது. கையெழுத்து இல்லை என்று தலைவர் கொடுத்த ரசீதையே திருப்பி அனுப்பியவர். துணைத் தலைவர் பள்ளி ஆசிரியை. கூட்டம் சூடானால், அதிகம் சத்தம் போட்டவரைப் பார்த்து, "சரி, இதைத் தீர்மானமாக எப்படி எழுதலாம், நீங்களே சொல்லுங்கள்" என்பார். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

ஓர் உறுப்பினர் எலெக்ட்ரீஷியன். அவர் தேர்வானபோது முகம் சுளித்தவர்கள் உண்டு. தண்ணீர் மோட்டார் அடிக்கடி டிரிப் ஆனது. காயில் கட்ட வேண்டும் என்று கொட்டேஷனும் வந்துவிட்டது. இவர் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். மூன்று பேஸில் ஒன்றின் முனை தளர்ந்து கருகியிருந்தது. கருகிய வயரை வெட்டி, முனையில் மாட்டும் புது லக் போட்டு இறுக்கினார். மோட்டார் ஓடுகிறது, கொட்டேஷன் கோப்பில் கிடக்கிறது.

கட்டட ஒப்பந்ததாரர் ஒருவரும் இருக்கிறார். அவருடைய அனுபவம் நமக்கு வேண்டும். ஆனால் சங்க வேலை அவர் பக்கம் போகக் கூடாது. சங்கக் கட்டடத்தின் நீர்க்கசிவு வேலைக்கு விலைப்புள்ளி பிரித்த அன்று, அனுப்பியவர்களில் ஒருவர் தன் மைத்துனர் என்று முதலிலேயே சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். மினிட்ஸ் புத்தகத்தில் அது பதிவாகியிருக்கிறது.

இதெல்லாம் புதுக் கெடுபிடி அல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், வாரியம் என்ற ஊர்ச்சபைக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும், பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலையில் இடமில்லை. முந்தைய மூன்று ஆண்டுக்குள் வாரியம் செய்தவருக்கும் இல்லை. வயது 35 முதல் 70 வரை. நிலம் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்ற அதன் விதிகள் நமக்கு ஆகாது, சரி. ஆனால் அந்த வயதுக் கணக்கையும் மூன்றாண்டு இடைவெளியையும் வைத்தால் எங்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு குறை: குழுவில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். கூட்டத்தை மாலை ஐந்து மணிக்கு வைத்தால் வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? வாடகைக்கு இருப்பவர் ஒருவர்கூட இல்லை. வீட்டு உரிமையாளருக்கே ஓட்டு என்று நம் விதி சொல்கிறது. கூட்ட நேரத்தை இரவு எட்டு மணிக்கு மாற்றவும், வாடகைதாரர்களைச் சிறப்பு அழைப்பாளர்களாகச் சேர்க்கவும் தீர்மானங்கள் நிகழ்ச்சி நிரலில் உள்ளன.

வேட்புமனுவில் கல்வித் தகுதிக்குக் கீழே, மாதம் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்ற கட்டத்தைச் சேர்த்திருக்கிறோம். அதைக் காலியாக விட்ட மனு ஏற்கப்படாது.

அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்