மதுரை நடைகளைத் தமிழிலும் நடத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, சின்னக் கூட்டமாக நடந்தே பழைய இடங்களைப் பார்க்கும் பாரம்பரிய நடைகள் மதுரையில் நடப்பது மகிழ்ச்சியான செய்தி. அண்மையில் அப்படியொரு நடையில் கலந்துகொண்டேன். வழிகாட்டிய இளைஞர் விஷயம் தெரிந்தவர், பொறுமைசாலி. ஆனால் விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில். வந்தவர்களில் பாதிக்கு மேல் உள்ளூர்க்காரர்கள்! மதுரையின் கதை மதுரைக்காரர்களுக்குத் தமிழில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

நம் ஊரை நடந்து பார்த்தால்தான் அதன் அமைப்பு பிடிபடும். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரம் சதுரமாக வீதிகள் விரிகின்றன. மாசி வீதியைத் தாண்டினால் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, வெளி வீதி. இங்கே மாதப் பெயர்கள் நின்று மனிதர்களின் பெயர்கள் வருகின்றன. ஏன் என்று கேட்டால் ஒரு கோட்டையின் கதை வெளியே வருகிறது.

மதுரையைச் சுற்றி மதிலும் அகழியும் இருந்தன. மக்கள் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். 1840களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். இடித்துத் தூர்ப்பவர்களுக்கே அந்த இடம் என்று அறிவித்ததாகச் சொல்வார்கள். நில அளவையாளர் மாரட், வேலையை நடத்திய பெருமாள் மேஸ்திரி இருவரின் பெயரும் புதிய தெருக்களுக்கு வந்தன. நகரம் மதிலைத் தாண்டி வளர்ந்தது. அந்தக் கலெக்டரின் நினைவாக எழுப்பிய தூண்தான் விளக்குத்தூண். அங்கே ஜவுளி எடுக்காத, ஜிகர்தண்டா குடிக்காத மதுரைக்காரர் உண்டா? தூண் எதற்காக நிற்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கோட்டையின் ஒரு துண்டு இன்னும் மிஞ்சியிருக்கிறது. பேருந்துக்கு ஓடுகிற அவசரத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எங்கள் குழுவில் ஒரு பெண் தன் தாயாரை அழைத்து வந்திருந்தார். "என்னம்மா சொல்றாரு?" என்று அந்த அம்மா நிறுத்தத்துக்கு நிறுத்தம் மகளிடம் கேட்டுக்கொண்டே வந்தார். புது மண்டபம் வந்ததும் நிலைமை மாறியது. திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம் அது. பல தலைமுறைகளாக அங்கே தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன்புதான் அவை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. எந்தத் தூணடியில் எந்த மெஷின் இருந்தது, பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் எப்படிக் கூட்டம் அலைமோதும் என்று அந்த அம்மா சொல்லச் சொல்ல, வழிகாட்டியும் நின்று கேட்டார். அன்று நான் கேட்டதிலேயே சிறந்த விளக்கம் அதுதான். தமிழில் நடத்தினால் இப்படிப் பேசக்கூடியவர்கள் இன்னும் எத்தனையோ பேர் வருவார்கள்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். திருவிளையாடல் கதைகளுக்கு நிறைய நேரம் கொடுத்தார்கள், அவை கேட்கச் சுவையானவைதான். ஆனால் மேல மாசி வீதியில் காந்தி தங்கியிருந்த வீட்டை ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். 1921 செப்டம்பர் 22 அன்று அவர் அரையாடைக்கு மாறியது அங்கேதான். 1939 ஜூலை 8 அன்று விடுதலைப் போராட்ட வீரர் வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்ட வகுப்பினரான கக்கன் முதலியோரை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்ததைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. கல்லின் வயதைச் சொல்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விடலாமா? அந்த இடத்தில் பிள்ளைகளை நிறுத்தி, அந்த நாளுக்கு முன்பு யாரெல்லாம் வாசலோடு நின்றார்கள் என்று சொல்லியே ஆக வேண்டும். என்னைப் பொறுத்தவரை மதுரையில் எந்த நடைக்கும் அதுதான் முதன்மையான நிறுத்தம்.

சுற்றுலாத் துறையும் மாநகராட்சியும் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது தமிழில் கட்டணமில்லாத நடை நடத்தலாம். மாநகராட்சிப் பள்ளிகளின் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை முறை வைத்து அழைத்துவரலாம். வழிகாட்ட ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள். திருமலை நாயக்கர் மகாலை ஒட்டிய மகால் தெருக்களின் சௌராஷ்டிரப் பெரியவர்களையும் காஜிமார் தெருக்காரர்களையும் தங்கள் பகுதியைப் பற்றிப் பேசச் சொன்னால், அது எந்த மனப்பாட விளக்கத்தையும் விட நன்றாக இருக்கும்.

நேரமும் முக்கியம். காலை ஆறரைக்குப் பெரியார் நிலையத்துக் கோட்டைச் சுவரில் தொடங்கி, மேல மாசி வீதி, கோயில், புது மண்டபம் வழியாக வந்தால், கடைகள் திறப்பதற்கு முன்பே பத்துத்தூண் சந்தினை நிதானமாகப் பார்க்கலாம். நாயக்கர் அரண்மனையின் மிச்சமான அந்தக் கல்தூண்களை, கடை திறந்த பிறகு துணி மூட்டைகளுக்கு நடுவே அண்ணாந்து பார்க்கக்கூட இடம் இருக்காது. அப்புறம் ஒன்பது மணிக்கு மகால் கதவு திறக்கும்போது பிள்ளைகள் வாசலில் நிற்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தெற்கு மாசி வீதி, மதுரை.