இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் குடும்பப் பகுதியில் வந்த கட்டுரையில், அப்பாவும் அம்மாவும் வேறு வேறு மொழி பேசுகிற வீடுகளில் குழந்தைக்கு மூன்று வயது ஆகும்வரை ஒரே மொழியில் பேசுங்கள், இல்லையென்றால் பிள்ளை குழம்பிப்போய்ப் பேச்சு தாமதமாகும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு வயது மகளை வளர்க்கிற எனக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. இந்த அறிவுரையை நம்பித் தன் மொழியைப் பிள்ளையிடம் பேசுவதையே விட்டுவிடுகிற பெற்றோர் இருக்கிறார்கள், அதிலும் விடுவது பெரும்பாலும் வெளியில் அதிகம் கேட்காத மொழியைத்தான்.

குழந்தை குழம்புவதில்லை. அம்மா கர்ப்பமாக இருக்கும்போது பேசிய இரண்டு மொழிகளையும் பிறந்து சில நாளே ஆன குழந்தை பிரித்து அறிகிறது என்று கனடாவில், ஆங்கிலமும் பிலிப்பைன்ஸ் நாட்டு மொழியான தகலாக்கையும் பேசும் தாய்மார்களின் குழந்தைகளிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. எங்கள் வீட்டில் மகள் செருப்பைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் போய் அவர் மொழியில் மாட்டிவிடச் சொல்வாள், அவர் போனில் இருந்தால் அப்படியே திரும்பி என்னிடம் வந்து தமிழில் கேட்பாள். யாரிடம் எது செல்லும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சில நேரம் இரண்டும் கலந்து வரும், வரட்டுமே. ஒன்றில் சொல் கிடைக்காதபோது மற்றதிலிருந்து எடுத்துக்கொள்கிறாள், பெரியவர்கள் நாமும் நாள் முழுக்க அதைத்தானே செய்கிறோம்?

பேச்சு தாமதம் என்ற பயம் எங்கிருந்து வருகிறது என்றால், சொற்களை எண்ணும் விதத்திலிருந்து. ஒரு பாட்டி தன் மொழியில் இருபது சொல்தான் வருகிறது என்று கவலைப்படுவார், இன்னொரு பாட்டியும் அதையே சொல்வார், இரண்டையும் கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. கூட்டிப் பார்த்தால் ஒரே மொழி கேட்டு வளரும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பின்தங்கியிருக்காது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு. பெல்ஜியத்தில் ஏறத்தாழ 1,900 குடும்பங்களிடம் விசாரித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரில் ஒருவராவது வீட்டில் ஊர் மொழி அல்லாத வேறு மொழி பேசியும், சுமார் நாலில் ஒரு குடும்பத்துக் குழந்தைகள் அந்த மொழியைப் பேசவே இல்லை. அதாவது, குறைவாகக் கேட்கிற மொழி தானாக ஒட்டிக்கொள்ளாது, அதற்கு நேரமும் ஆளும் வேண்டும். டிவியில் பாட்டைப் போட்டுவிட்டால் போதும் என்பவர்கள் 2003இல் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளிடம் பேட்ரிசியா குல் என்ற ஆய்வாளரின் குழு செய்த ஆய்வைப் பார்க்கலாம். நேரில் ஒருவர் சீன மொழியில் விளையாடிப் பேசியபோது குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிடித்துக்கொண்டன, அதே வயதுக் குழந்தைகளுக்கு அதையே வீடியோவில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. வீடியோ கால் வேறு, எதிரில் இருப்பவர் குழந்தைக்குப் பதில் சொல்கிறார். என் அம்மா அழைக்கும்போது மகள் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அம்மா "எங்கே, காணோம் காணோம்" என்று தேடிக்கொண்டே இருப்பார், இவள் பொறுக்க முடியாமல் வெளியே வந்து பொம்மையைக் கேமராவில் இடித்துக் காட்டி அதன் கதையை ஆரம்பிப்பாள். அந்த நேரத்தில் அவளிடமிருந்து வருகிற தமிழ் வேறு எப்போதும் வராது.

கஷ்டம் இருப்பது பெரியவர்கள் பக்கம். நான் மகளிடம் பேசுவது என் மாமியாருக்குப் புரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை ஒதுக்கிவைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் நான் மகளிடம் தமிழில் சொல்லிவிட்டு மாமியாரிடம் அவர் மொழியில் ஒரு வரி சொல்கிறேன். கொஞ்சம் அலுப்புதான், ஆனால் அதற்காகக் குழந்தையின் ஒரு மொழியைப் பறிப்பது நியாயமே இல்லை. தூங்க வைப்பது, அடம்பிடித்தால் என்ன செய்வது என்று இரண்டு குடும்பத்துக்கும் வேறு வேறு வழக்கம் இருக்கும், அதையெல்லாம் கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். மொழி அப்படி ஒன்றை வைத்து ஒன்றை விடுகிற விஷயம் இல்லை.

இன்னொன்றையும் தயவுசெய்து உங்கள் பகுதியில் எழுதுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, இரண்டு வயது ஆகியும் எந்த மொழியிலும் இரண்டு சொல்லைச் சேர்க்காத குழந்தை, வந்த சொல்லை இழக்கிற குழந்தை, இவர்களை "ரெண்டு மொழி வீடு, அப்படித்தான் இருக்கும்" என்று காத்திருக்க வைக்கக் கூடாது. உடனே செவித்திறன் பரிசோதனைக்கும், பேச்சுப் பயிற்சி தருபவரிடமும் கூட்டிப்போக வேண்டும், போகும்போது குழந்தை இரண்டு மொழியிலும் சொல்கிற சொற்களை ஒரே தாளில் எழுதி எடுத்துப்போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி