மூக்கில் ஒரு குழாய் விட்டுப் பாருங்கள்

தருமபுரி மாவட்டச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். பென்னாகரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து 6 மாதம் ஆகிறது. நான் தாய்மாமன்.

பிறந்த அன்றே, வாயை மூடினால் குழந்தைக்கு உடம்பு நீலம் பாரித்தது. வீறிட்டு அழுதால் சிவந்தது. பால் கொடுத்தால் மறுபடி நீலம். பிரசவம் பார்த்த இடத்தில் இதயக் கோளாறாக இருக்கும் என்று சொல்லி, மூக்கில் ஆக்சிஜன் வைத்து 108-இல் சேலத்துக்கு அனுப்பினார்கள். தொப்பூர் கணவாயில் லாரிகள் வரிசையாக நின்றன. குழந்தை கண் அயர்ந்தால் மூச்சு நிற்கிறது. அதனால் வழி முழுக்க அவள் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி அழ வைத்துக்கொண்டே போனேன். பிறந்து ஒரு நாள் ஆகாத பிள்ளை. குரல் கம்மி, கடைசியில் சத்தமே வரவில்லை. அப்போதும் சுண்டினேன்.

சேலத்தில் ஒரு டாக்டர், சளி உறிஞ்சுகிற மெல்லிய சக்‌ஷன் குழாயை மூக்கில் விட்டுப் பார்த்தார். இரண்டு துளையிலும் 3 சென்டிமீட்டருக்கு மேல் போகவில்லை. மூக்கின் பின்வாசல் பிறவியிலேயே அடைபட்டிருக்கிறது, கோயேனல் அட்ரீசியா என்றார். பச்சைக் குழந்தை மூக்கால்தான் மூச்சுவிடும். அழும்போதுதான் வாய்வழியே காற்று போகுமாம். அந்த அடைபட்ட மூக்குக்குத்தான் அவ்வளவு தூரம் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டு போயிருக்கிறோம்! வாய்வழியே காற்று போக, ஏர்வே என்கிற சின்ன பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்தார். அப்போதுதான் அவள் முதன்முதலாகத் தூங்கினாள். சி.டி. ஸ்கேன் எடுத்து, மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் விட்டு அடைப்பைத் திறந்த ஆபரேஷன் அப்புறம் சென்னையில் நடந்தது.

அந்த ஆபரேஷன் இங்கேயே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 5,000 முதல் 8,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருகிற கோளாறு அது. ஆனால் அந்தக் குழாய் எல்லாப் பிரசவ அறையிலும் இருக்கிறதே! விட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா?

பெண் பிள்ளைகளைக் காக்க 2001-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்த மாவட்டம் இது. இன்றும் என் தங்கையின் காதுபட "பொட்டப் புள்ளதானே" என்கிறார்கள். சித்தேரியிலிருந்தும் வத்தல்மலையிலிருந்தும் இறங்கி வருகிறவர்களுக்குச் சேலம் இன்னும் எவ்வளவு தூரம்! சரி, மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன்.

நான் கேட்பது இதுதான். நீலம் பாரிக்கிற, பால் குடிக்கத் திணறுகிற எந்தக் குழந்தைக்கும் மூக்கின் இரண்டு துளையிலும் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போகவில்லையென்றால் வாயில் ஏர்வே வைத்து அனுப்பச் சொல்லுங்கள். பிரசவ அறை நர்ஸ்களுக்கும் 108 ஊழியர்களுக்கும் தயவுசெய்து இதைக் கற்றுக்கொடுங்கள். இன்னொரு பிள்ளையை யாரும் தொப்பூர் வரை அழ வைத்துக்கொண்டு போக வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்