நெல்லையப்பர் கோயில் அருகே என்று காட்டி நான்குவழிச் சாலை ஓரத்தில் அறை கொடுத்தது குறித்த புகார்

அனுப்புநர்:
முன்பதிவு செய்த வாடிக்கையாளர்,
அம்பாசமுத்திரம்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இணையவழி விடுதி முன்பதிவு நிறுவனம்.

பொருள்: திருநெல்வேலி விடுதி ஒன்றின் இருப்பிடத்தைத் தவறாகக் காட்டியது, கட்டணத்தை மறைத்து வசூலித்தது – பணத்தைத் திருப்பித் தரவும் பக்கத்தைத் திருத்தவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மார்கழித் திருவாதிரையை ஒட்டி உங்கள் செயலி வழியாகத் திருநெல்வேலியில் இரண்டு அறைகளை இரண்டு இரவுகளுக்குப் பதிவு செய்தேன். 'நெல்லையப்பர் கோயில் அருகே' என்று விடுதியின் பெயரோடு சேர்த்தே போட்டிருந்தீர்கள். அதற்குக் கீழே 'நகர மையத்திலிருந்து 3 கி.மீ.' என்று இருந்தது. நாங்கள் போய் இறங்கிய இடமோ பாளையங்கோட்டைக்குக் கிழக்கே இருக்கும் கே.டி.சி. நகரையும் தாண்டி, நான்குவழிச் சாலை ஓரம். கோயிலுக்கும் அதற்கும் சாலை வழியாகப் பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாது.

உங்கள் உதவி மையத்துக்கு எழுதியதற்கு, 'இருப்பிடம் உங்களுக்குத் திருப்தி அளிக்காததற்கு வருந்துகிறோம்' என்ற பதிலும் அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ள 200 ரூபாய்க் கூப்பனும் வந்தன. என் திருப்தியைப் பற்றி நான் எதுவும் எழுதவே இல்லை. இல்லாத இடத்தைக் காட்டி அறையை விற்றிருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தேன். அதற்குப் பதில் வராததால் இந்தக் கடிதம்.

இருப்பிடம் எங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, முழங்கால் தேய்மானம். நடராஜரின் ஐந்து சபைகளில் தாமிர சபை இருப்பது நெல்லையப்பர் கோயிலில். திருவாதிரையன்று விடிவதற்கு முன்னமே அங்கே நடக்கும் தீபாராதனையைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அம்பாசமுத்திரத்திலிருந்து அந்த நேரத்துக்கு ரயில் கிடையாது, பஸ்ஸை நம்பியும் கிளம்ப முடியாது. அரையாண்டு விடுமுறைக்குக் கோவையிலிருந்து அக்கா, அத்தான், பிள்ளைகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். கோயில் பக்கத்திலேயே ரூம் போட்டுவிட்டால் அம்மா மெதுவாக நடந்தே போய்விடலாம், பிள்ளைகளுக்குக் கொக்கிரகுளம் அறிவியல் மையத்தையும் கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களையும் காட்டிவிட்டு ஒரு நாள் திருச்செந்தூருக்கும் போய் வரலாம் என்று திட்டம். அத்தானும் நானும் ஆளுக்குப் பாதி போட்டு, இவ்வளவுக்குள் முடித்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்பினோம்.

எங்கள் ஊரில் எங்கே தங்குவது என்பதை வந்த வேலைதான் முடிவு செய்யும். ரயிலில் வந்து ரயிலில் திரும்புகிறவர் ஜங்ஷன் பக்கம் லாட்ஜ் பார்ப்பார். விடியக்காலையில் நாகர்கோவில், கன்னியாகுமரி பஸ் பிடிக்க வேண்டியவருக்கு வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டுதான் தோது. பெரியாஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு இரவில் தலை சாய்க்க இடம் தேடுகிறவர் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டை விட்டு நகர மாட்டார். கல்யாணம், ஜவுளி என்று வருகிறவர்கள் பெரும்பாலும் வண்ணார்பேட்டையில் தங்குவார்கள். சொந்தக் காரில் தெற்கே போகிற வழியில் ஒரு ராத்திரி தூங்கிவிட்டுப் போகிறவர்களுக்கு பைபாஸ் ஓட்டல்கள் இருக்கின்றன. கோயிலுக்கு வருகிறவருக்கு, கோயில் இருக்கும் டவுன் பகுதியின் ரத வீதிகள். அது நிறைந்துவிட்டால் ஜங்ஷன். இதில் எந்த இடமும் மட்டமில்லை. ஆனால் ஒன்றுக்காக வந்தவரை இன்னொன்றில் கொண்டுபோய் விட்டால் வந்த காரியமே கெட்டுப்போகும்.

உங்கள் செயலிக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஊருக்கு நடுவே ஒரு புள்ளியைக் குத்தி அதற்கு 'நகர மையம்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அந்தப் புள்ளி எங்கே விழுகிறது என்று பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். பாளையங்கோட்டையில் விழுகிறது. டவுன் ஆற்றுக்கு மேற்கே, பாளை ஆற்றுக்குக் கிழக்கே. இரண்டுக்கும் நடுவில் தாமிரபரணி ஓடுகிறது. 1843-ல் சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலம் கட்டியதே இந்த இரண்டு ஊரையும் சேர்க்கத்தான். பாளையில் நின்று நூல் பிடித்தாற்போல் நேர்கோட்டில் அளந்து 3 கி.மீ. என்று போட்டுவிட்டு, அதே பக்கத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோயிலை 'அருகே' என்று எப்படி எழுதினீர்கள்? முழு முகவரியைப் பார்க்கலாம் என்றால், பணம் கட்டிய பிறகுதான் காட்டுகிறீர்கள். அதுவரை வரைபடத்தில் ஒரு பெரிய வட்டம் மட்டும்தான். அந்த வட்டத்துக்குள் பாதி பாளையங்கோட்டை அடங்குகிறது. கட்டிய பிறகு வந்த முகவரியில் கூட 'பைபாஸ் ரோடு, திருநெல்வேலி' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

செங்கோட்டை பாசஞ்சரில் வந்து, கோயில் பக்கம்தானே என்று டவுன் ஸ்டேஷனிலேயே இறங்கினோம். ஆட்டோக்காரரிடம் விடுதிப் பெயரைச் சொல்லிப் போனைக் காட்டினேன். "அண்ணாச்சி, இது டவுன்லயா இருக்கு? கே.டி.சி. நகரத் தாண்டில்லா போவணும். ஆறு பேருன்னா ரெண்டு ஆட்டோ வேணும், ஆட்டோவுக்கு முந்நூறு ஆவும்" என்றார். அவர் கூடுதலாகக் கேட்டுவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். தூரம் அவ்வளவு.

விடுதி வரவேற்பில் என் ஆதாரைப் பார்த்ததும், திருநெல்வேலி மாவட்ட முகவரி இருப்பதால் லோக்கல் ஆளுக்கு ரூம் கிடையாது என்றார்கள். அப்படி ஒரு நிபந்தனை உங்கள் பக்கத்தில் எங்குமே இல்லை. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அரைமணி நேரம் பேசி, அத்தானின் கோவை ஆதாரை வாங்கிக்கொண்ட பிறகுதான் சாவி கைக்கு வந்தது. தரைத்தளம், வெஸ்டர்ன் டாய்லெட் என்று பதிவின்போதே கேட்டிருந்தேன். 'கோரிக்கை ஏற்கப்பட்டது' என்ற உங்கள் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. கிடைத்தது இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அம்மா ஏறினார்கள். மேலே போனால் இந்தியன் டாய்லெட். முழங்கால் மடங்காத ஒரு மனுஷி அதை எப்படிப் பயன்படுத்துவார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. நான் பதிவு செய்தபோது 'இந்த விலையில் இன்னும் 2 அறைகள் மட்டுமே' என்று சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த பலகையில் பாதிக்கு மேல் சாவிகள் அப்படியே தொங்கின. திருவாதிரைக்கு முந்தின நாள் டவுனில் ரூம் கிடைப்பது சிரமம்தான். அந்தப் பதற்றத்தில் ஜனங்கள் இருப்பார்கள் என்று தெரிந்தே போட்ட எழுத்து அது.

மறுநாள் விடியுமுன் கிளம்பினோம். நான்குவழிச் சாலையில் அந்த நேரத்தில் லாரியும் ஆம்னி பஸ்ஸும் பறக்குமே தவிர ஆட்டோ வராது. வரவேற்பில் இருந்த பையன் யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தான். மார்கழிப் பனியில், துண்டைத் தலையோடு சுற்றிக்கொண்டு அம்மா சாலை ஓரத்திலேயே நின்றார்கள். கடைசியில் ஒரு ஆட்டோ வந்து, அவர் இன்னொருவரைக் கூப்பிட்டு, ஆட்டோவுக்கு நானூறு ரூபாய் பேசி நாங்கள் கோயில் வாசலுக்குப் போனபோது தீபாராதனை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. "போட்டும்ல, அடுத்த திருவாதிரைக்குப் பாத்துக்கிடுவோம்" என்று அம்மா சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்லலாம். நான் விடுவதாக இல்லை.

பணக் கணக்குக்கு வருகிறேன். ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் போனில் விசாரித்தபோது அறைக்கு ரூ.1,400 சொன்னார்கள். உங்கள் பக்கத்தில் ரூ.899. இரண்டு அறைக்கு, இரண்டு இரவுக்கு வித்தியாசம் ஏறக்குறைய ரூ.2,000. அந்த இரண்டாயிரத்தை மிச்சம் பிடிக்கத்தான் உங்களிடம் வந்தோம். ஆட்டோவுக்கு மட்டும் போய்ச் சேர 600, விடியக்காலை 800, கோயிலிலிருந்து திரும்ப 600, கடைசி நாள் ஜங்ஷனுக்கு 500, ஆக ரூ.2,500 போய்விட்டது. இன்னும் செலவாகும் என்று பயந்து, சாயங்காலம் பிள்ளைகளை ரத வீதிக்கு அழைத்துப்போய்ச் சூடாக அல்வா வாங்கிக் கொடுப்பதைக்கூட விட்டுவிட்டோம். கார் வைத்திருப்பவருக்கு இந்தப் பத்துக் கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. எண்ணிச் செலவு செய்கிறவருக்கு விடுதி இருக்கும் இடமும் வாடகையில் ஒரு பகுதி. அதை மறைத்துவிட்டு மலிவு என்று விளம்பரம் செய்திருக்கிறீர்கள்.

அந்த ரூ.899-ம் உண்மையான விலை இல்லை. நான்கு அறை-இரவுக்கு ரூ.3,596 ஆக வேண்டும். பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் 'வரிகளும் கட்டணங்களும்' என்று ரூ.647, 'பயணப் பாதுகாப்பு' என்று ரூ.99, 'நன்கொடை' என்று ரூ.10 சேர்ந்து ரூ.4,352 ஆனது. பாதுகாப்பும் நன்கொடையும் நான் கேட்காமலே டிக் ஆகியிருந்தன. எடுக்க எடுக்க மறுபடி வந்து ஒட்டிக்கொண்டன. நாளொன்றுக்கு ரூ.7,500 வரை வாடகை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். ரூ.3,596-க்கு அது ஏறக்குறைய ரூ.180. பழைய 12 சதவீதமே போட்டிருந்தாலும் ரூ.432-ஐத் தாண்டாது. வரி போக மீதி ரூ.467 எந்தக் கணக்கில் வாங்கப்பட்டது என்பதைப் பிரித்து எழுத்தில் தர வேண்டும்.

விடுதி மேலாளரிடம் கேட்டால், 'கோயில் அருகே' என்று போட்டது நாங்கள் இல்லை, கம்பெனி போட்டது என்கிறார். உங்களிடம் கேட்டால், நாங்கள் இடையில் இருப்பவர்கள் மட்டுமே, விவரம் கொடுத்தது விடுதி என்கிறீர்கள். பணம் வாங்கும்போது மட்டும் உங்கள் பெயரில்தான் ரசீது வருகிறது. 2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைப்பது குறைதீர் அலுவலரான உங்கள் கடமை. கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை ஏற்றுவது, கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, இல்லாத அவசரத்தைக் காட்டுவது இவை மூன்றும் 2023 நவம்பர் 30-ல் வெளியான 'டார்க் பேட்டர்ன்' (வாங்குபவரை ஏமாற்றும் இணையப் பக்க உத்திகள்) தடுப்பு வழிகாட்டுதல்களில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவை. இவை தங்கள் தளங்களில் இருக்கின்றனவா என்று மூன்று மாதத்துக்குள் தாங்களே தணிக்கை செய்துகொள்ளும்படி மின்வணிக நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஜூனில் அறிவுறுத்தியது. நீங்கள் செய்தீர்களா?

நான் கேட்பது இதுதான். கட்டிய ரூ.4,352 முழுவதும், ஆட்டோவுக்குக் கூடுதலாக ஆன ரூ.2,500-ம் என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், கூப்பனாக வேண்டாம். அந்த விடுதியின் பெயரோடு ஒட்டியிருக்கும் 'நெல்லையப்பர் கோயில் அருகே' என்பதை உடனே எடுத்துவிட்டு, 'கே.டி.சி. நகர், நான்குவழிச் சாலை' என்று போடுங்கள். காரில் வருகிறவர்கள் அதைப் பார்த்தே விரும்பி வருவார்கள், விடுதிக்கும் நஷ்டமில்லை. திருநெல்வேலியில் நீங்கள் காட்டும் எல்லா விடுதிகளுக்கும் ஜங்ஷன், புது பஸ் ஸ்டாண்டு, நெல்லையப்பர் கோயில், ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி ஆகியவற்றிலிருந்து சாலை வழித் தூரத்தைத் தனித்தனியாகக் காட்டுங்கள். முழு முகவரியைப் பணம் கட்டுவதற்கு முன்னால் காட்டுங்கள். உள்ளூர் ஆதாரை ஏற்காத விடுதி என்றால் அதையும் முதலிலேயே எழுதுங்கள். லிஃப்ட் உண்டா, எந்த மாடி, எந்த மாதிரிக் கழிப்பறை என்பதெல்லாம் வயதானவர்களை அழைத்துவருகிற யாரும் கேட்கிற கேள்விகள். படத்தில் மெத்தை விரிப்பைக் காட்டுவதை விட அவை முக்கியம்.

முன்பதிவுப் பக்கம், கட்டண விவரம், 'கோரிக்கை ஏற்கப்பட்டது' என்ற செய்தி, விடுதி வாசலில் எடுத்த படம் எல்லாவற்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரு மாதத்துக்குள் தீர்வு வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை.

பதிலைத் தமிழில் அனுப்புங்கள். அம்மாவுக்கும் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
அம்பாசமுத்திரம்.