பத்து எண்ணும் வரை

செங்கலடி

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமை. பதில் பிந்திவிட்டது, கோபிக்காதே. இங்கே மாரி பிடித்துவிட்டது, விதைப்பு முடிந்து வயலெல்லாம் பச்சை. அம்மாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. மகள் உயர்தரத்துக்கு உயிரியல் எடுத்திருக்கிறாள்.

ஒலுவில் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பயிற்சிக்குப் பேர் கேட்டதைப் பற்றி எழுதியிருந்தாய். "இருபது வருஷம் படிப்பித்தவனுக்கு இனி யார் என்னத்தைச் சொல்லித் தருவது?" என்று கேட்டிருந்தாய். போன வருஷம் என்றால் நானும் ஓம் என்றிருப்பேன். இப்போது மனம் வரவில்லை.

இங்கே பல்கலைக்கழகத்தில் எங்கள் துறைக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்திருக்கிறா, தகுதிகாண் விரிவுரையாளர். பயிற்சிக்காக அவவின் வகுப்பை நான் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்து முடிந்ததும், "சேர், நானும் உங்கட வகுப்பில ஒருநாள் இருக்கலாமா?" என்று கேட்டா. யோசித்துப் பார், இத்தனை வருஷத்தில் இன்னொரு விரிவுரையாளர் என் வகுப்பில் உட்கார்ந்ததே இல்லை. ஆய்வுக் கட்டுரையின் ஒரு வசனத்தை மூன்று பேர் திருத்துகிறார்கள். வகுப்பை ஒருவரும் பார்ப்பதில்லை.

வகுப்பு முடிய ஒரு தாளைத் தந்தா. நான் கேட்ட பதினொரு கேள்விகளும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை செக்கன் காத்திருந்தேன் என்பதும் அதில் இருந்தன. ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று. ஒன்பது கேள்விக்கு நானே விடை சொல்லியிருக்கிறேன். அன்று இரவு நித்திரை வரவில்லை.

பிறகு தேடி வாசித்தேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளிக்கூட விஞ்ஞான வகுப்புகளில் இதையே 1970களில் அளந்திருக்கிறா. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன்தான் காத்திருந்தார்களாம். மூன்று செக்கனுக்கு மேல் பொறுத்தபோது பிள்ளைகளின் விடை நீண்டது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். அது தாய்மொழியில் படித்த பிள்ளைகளின் கதை. எங்கள் பிள்ளைகள் பதின்மூன்று வருஷம் தமிழில் படித்துவிட்டு ஆங்கில விரிவுரைக்கு வருகிறார்கள். சிங்களப் பிள்ளைகளுக்கும் அதே பாடு. கேள்வியை விளங்கி, தமிழில் யோசித்து, விடையை ஆங்கிலத்தில் கோத்து எடுக்க எவ்வளவு நேரம் வேண்டும்? நான் கொடுத்தது ஒரு செக்கன். பிறகு "பேச மாட்டாதுகள்" என்று அதுகளையே குறை சொன்னேன்.

அடுத்த கிழமை மண்ணியல் வகுப்பில் ஒரு கேள்வி போட்டேன்: அமில மண் வயலில் தண்ணீர் கட்டி வைத்தால் பி.எச். (அமில அளவு) ஏன் நடுநிலையான ஏழின் பக்கம் ஏறுகிறது? மனதுக்குள் பத்து வரை எண்ணினேன். அந்தப் பத்து செக்கனும் பெரிய பாடு மச்சான். பிறகு, "பக்கத்தில இருக்கிறவரோட உங்கட பாஷையில ரெண்டு நிமிஷம் கதையுங்க" என்றேன். மண்டபம் இரைந்தது. வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று எழும்பி, "எங்கட வயல்ல தண்ணி நிண்டா மண் கறுத்து மணக்கும், சேர்" என்றது.

எனக்கு வேண்டியது அதுதான். தண்ணீர் தேங்கினால் மண்ணில் ஒட்சிசன் தீர்கிறது. அதற்குப் பதிலாகப் பக்டீரியாக்கள் இரும்பு ஒட்சைட்டைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தத் தாக்கத்தில் ஐதரசன் அயன் செலவாகிறது, பி.எச். ஏறுகிறது. கறுப்பும் மணமும் அதே ஒட்சிசன் இல்லாத மண்ணின் வேலை. அந்தப் பிள்ளை வயலில் கண்டதைப் பிடித்துக்கொண்டு சமன்பாட்டுக்குப் போனேன். ஒருவரும் தூங்கவில்லை. பாடத்திட்டத்தில் ஒரு பகுதி மிஞ்சிப் போனது உண்மைதான். அதைக் கையேடாகக் கொடுத்துவிட்டேன்.

நீ கணக்குக்காரன், இலக்கம் கேட்பாய். 2014இல் அமெரிக்காவில் விஞ்ஞான, பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை நடந்த வகுப்புகளில் சராசரி 33.8 வீதம் பேர் சித்தியடையவில்லை. பிள்ளைகள் கதைத்து, செய்து படித்த வகுப்புகளில் அது 21.8 வீதம். நூறு பேர் இருக்கும் உன் வகுப்பில் அந்த வித்தியாசம் பன்னிரண்டு பிள்ளைகள்.

பயிற்சி என்றால் திரையில் சிலைட் போட்டு, பாடம் முடிய மாணவர் என்ன செய்வார் என்று எழுதும் கற்றல் பேறுகளுக்கு வினைச்சொல் பொறுக்கச் சொல்வார்கள் என்று எழுதியிருந்தாய். அதுவும் இருக்கும், அதில் எனக்கும் பெரிய பிடிப்பில்லை. ஆனால் உன் வகுப்பில் ஒரு ஆளை இருத்தச் சொல்வார்கள் பார், அதற்காகவாவது பேரைக் கொடு.

அதற்கு முன் ஒரு புதன்கிழமை இங்கே வா. காலை எட்டு மணிக்கு எனக்கு வகுப்பு. கடைசி வாங்கில் இருந்து செக்கனை எண்ணி எழுது. நான் இன்னும் சில நேரம் நாலிலேயே வாய் திறந்துவிடுகிறேன். செவ்வாய் பின்னேரமே வந்துவிடு, கூனிச் சுண்டல் வைக்கிறேன் என்று அம்மா சொல்லச் சொன்னா.

அன்புடன்,
உன் மச்சான்